சாம்பிராணிப் புகை போன பக்கம்

பெரியவளுக்கும் சின்னவனுக்கும்,

நேற்று ஃபாரஸ்ட் கேட் பக்கம் வேலை செய்கிற வீட்டிலிருந்து நீங்கள் இருவரும் ஒரே போனைப் பிடித்துக்கொண்டு மாறி மாறி என் காதில் கத்தினீர்கள்.

"அப்பா, பேஸ்மென்ட் சீலிங் முழுக்கச் செய்தாச்சு. பஞ்சு அடைச்சாச்சு. ரெண்டு அடுக்கு பிளாஸ்டர் போட் அடிச்சாச்சு. பிறகும் மேல கதைக்கிறது கீழ கேக்குதாம்!" என்றாள் பெரியவள்.

"அந்த வீட்டு மனுசிக்குக் காதிலதான் பிழை அப்பா," என்றான் சின்னவன்.

சின்னவன், முதலில் உனக்கு ஒன்று. இருபத்தெட்டு வருடம் இந்த லண்டனில் சத்தம் போகாத சீலிங் கட்டினேன். கூடுதலாகக் கேட்கிற காதை ஒரு தரமும் கண்டதில்லை. ஓட்டை உள்ள வீட்டைத்தான் கண்டிருக்கிறேன்.

போட் எப்படி வெட்டுவது, ஸ்க்ரூ எத்தனை அங்குலம் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது இப்போது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நோர்பரியில் ஒரு வீட்டில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கே அந்தக் கதை பாதிதான் தெரியும். எழுத இருந்ததிலிருந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டா.

அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டவர்கள் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. தெருவில் நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் வரச் சொன்னார்கள்.

முன் சீற்றில் இருவர் இருந்தார்கள். மதுரா, அவளுடைய கணவன் நிரஞ்சன். கலியாணம் முடிந்து ஆறு மாதம். என்னைப் பின் சீற்றில் ஏற்றினார்கள். அங்கே ஒரு தலையணை, ஒரு பிளாஸ்க், இரண்டு கோப்பை, ஒரு பெட்டி பிஸ்கட். குடித்தனம் நடக்கிற கார் என்று பார்த்ததும் தெரிந்தது.

"சொறி அங்கிள், வீட்டுக்குள்ள கதைக்க ஏலாது," என்றாள் மதுரா.

"ஏன் பிள்ளை, ஆரும் நித்திரையோ?"

"இல்லை அங்கிள். அம்மா கேட்டுக்கொண்டிருப்பா."

வீடு மதுராவின் பெற்றோருடையது. தங்கராசா அண்ணை, பவளம் அக்கா. ஒரே பிள்ளை. அவளுடைய கலியாணத்துக்காக வீட்டின் பேஸ்மென்டைப் புதுசாக்கி, ஒரு படுக்கையறை, ஒரு சின்ன இருக்கை அறை, குளியலறை எல்லாம் அமைத்துக் கொடுத்திருந்தார்கள். "மகளும் மருமகனும் எங்களோடதான், ஆனா தனிய," என்று பவளம் அக்கா கோவிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாராம். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில் இருந்தது பழைய பலகையும் ஒரு மெல்லிய போட்டும்தான்.

"அங்கிள், கலியாணம் முடிஞ்சு ரெண்டாம் கிழமை," என்று நிரஞ்சன் தொடங்கினான். "நான் கீழ கட்டில்ல இருந்து, இந்த மழைக்குப் புட்டுச் சாப்பிட்டா நல்லா இருக்கும் எண்டு சும்மா சொன்னனான். அரை மணித்தியாலத்தில கதவில தட்டு. திறந்தா மாமி. ஒரு கையில புட்டு, மற்றக் கையில கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு."

"நல்லதுதானே தம்பி?"

"நல்லதுதான். பல்லுக் குத்துது எண்டன், கராம்பு வந்திட்டுது. மனேசர் ஏசினவர் எண்டு மதுராவுக்குச் சொன்னன், அடுத்த நாள் மாமா என்ர தோளில தட்டி, மனேசர்மாரை மனசில வைக்கக்கூடாது எண்டிட்டுப் போறார்."

"சண்டை பிடிக்கிறதெண்டாலும் காருக்குள்ளதான் அங்கிள்," என்றாள் மதுரா. "போன கிழமை ஒரு பெரிய சண்டை. பெற்றோல் அடிச்சுக்கொண்டு போய்ப் பிடிச்சனாங்கள்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதேங்கோ அங்கிள். மில்டன் கீன்ஸில ஒரு பிளாட் பாத்து வைச்சிருக்கிறம். அடுத்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு முன்னம் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லவேணும். எனக்கு அம்மாவை விட்டிட்டுப் போக விருப்பமில்லை. ஆனா இப்பிடி இருக்கவும் ஏலாது."

சீலிங்கை அடைப்பதற்குக் காரணமாக, நிரஞ்சனுக்கு வீட்டிலிருந்து வேலை, மீட்டிங் சத்தம் மேலே போய் உங்களைக் குழப்பக்கூடாது என்று பெற்றோரிடம் சொல்லி வைத்தார்களாம். பிளாட் கதை அவர்களுக்குத் தெரியாதாம். அடுத்த நாளே நான் வேலையைத் தொடங்கினேன்.

என்னுடைய கருவிப் பெட்டியில் எப்போதும் ஒரு கட்டு ஊதுபத்தி இருக்கும், உங்களுக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் அதைக் கண்டு அப்பா பக்திமான் என்று நினைத்தீர்கள். பக்தி இல்லை, அது வேலைச் சாமான். காற்றுப் போகிற இடத்தால் குரலும் போகும். ஊதுபத்தியைப் பற்றவைத்து மூலை மூலையாகப் பிடித்தால், புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. அந்த வீட்டிலும் அப்படித்தான் கீழே ஒவ்வொரு மூலையாகப் பிடித்தேன். லைற் துளைகள், பைப் போகிற இடம், சுவர் ஓரம், எல்லாவற்றையும் பென்சிலால் குறித்தேன்.

பிறகு மேலே போனேன். முன் அறையில் பழைய நெருப்படுப்பு. அடுப்பை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பவளம் அக்கா சாமி மாடம் ஆக்கியிருந்தார். பின்பக்கம் ஒரு பலகை. அதற்கு முன்னால் நடுவில் பெரிய முருகன் படம், இரண்டு பக்கமும் பிள்ளையார், லட்சுமி. அப்போதுதான் சாம்பிராணிக் குச்சி கொளுத்தியிருந்தார். புகை மேலே எழும்பவில்லை. ஒரு சாண் எழும்பி, மெல்ல வளைந்து, முருகன் படத்துக்குப் பின்னால் போய் மறைந்தது.

"பாத்தீங்களே தம்பி?" என்றார் அக்கா, பெருமையோடு. "எங்கட முருகன் சாம்பிராணியை உள்ளுக்கு எடுக்கிறவர். எத்தினை சனம் வந்து பாத்திட்டுப் போச்சினம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையில் ஊதுபத்தி. காதில் பென்சில். புகை எங்கே வளைகிறது என்று பார்த்துப் பிழைக்கிற மனிதன். இரண்டு கையையும் கூப்பி, "அரோகரா," என்றேன்.

படத்தை எடுத்துப் பின்னால் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். ஆனால் அன்று மத்தியானம் சாமான் ஏற்றுகிற என் வானுக்குள் இருந்து இரண்டு மட்டன் ரோல் சாப்பிட்டிருந்தேன். மச்சம் சாப்பிட்ட கையால் சாமிப் படத்தைத் தொடுவதா? நாலடி தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு, முன் அறை சரி என்று கொப்பியில் குறித்துக்கொண்டு போய்விட்டேன்.

புதன்கிழமை சீலிங் முடிந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சீலிங் கட்டவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுச் சோதனை வைத்தேன். மேலே நடுவீட்டில் தங்கராசா அண்ணையைக் குதிக்கச் சொன்னேன். அவர் குறைவாகப் பேசுகிற, கூடுதலாகப் பாரமுள்ள மனிதர். மூன்று தரம் குதித்தார். கீழே ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. ரேடியோவை அலற விட்டார்கள். இல்லை.

"இனி மேல யானை நடந்தாலும் கீழ தெரியாது," என்று சொல்லிவிட்டு வானை ஸ்டார்ட் செய்தேன். வழியெல்லாம் பாட்டு.

வியாழன் காலை மதுராவிடமிருந்து போன். "அங்கிள், காருக்கு வாங்கோ."

பின் சீற்றில் ஏறி இருந்தேன். பிஸ்கட் பெட்டி இன்னும் அங்கேதான்.

"இப்பவும் கேக்குது அங்கிள்," என்றாள்.

சின்னவன், நீ நேற்றுச் சொன்னதைத்தான் அன்றைக்கு நானும் சொன்னேன். "உங்கட காதில ஏதும் பிழையோ பிள்ளை?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"சரி. என்ன கேக்குது? ரீவியோ?"

"இல்லை."

"நடக்கிறதோ? குசினியில சட்டி பானையோ?"

"அது ஒண்டும் இப்ப இல்லை அங்கிள். நல்லாச் செய்திருக்கிறீங்கள்."

"அப்ப?"

நிரஞ்சன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மாமி சாமி கும்பிடுறது."

"தேவாரமோ?"

"தேவாரம் முடிஞ்சாப் பிறகு."

"அம்மா முருகனோட கதைக்கிறவ அங்கிள்," என்றாள் மதுரா. "காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. எல்லாம் இவரைப் பற்றி."

"என்னவாம்?"

நிரஞ்சன் பெருமூச்சு விட்டான். "முருகா, இந்தப் பெடியனுக்குத் தலைமயிர் கொட்டுது, நிப்பாட்டு எண்டு. குறட்டையைக் குறை எண்டு. சம்பளத்தைக் கூட்டு எண்டு."

"கூட்டினவரோ?"

"கூட்டினவர் அங்கிள். தலைமயிர்தான் இன்னும் சரிவரேல்லை."

"இதை ஏன் தம்பி முதலே சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? மாமி எனக்காகத்தானே கும்பிடுறா."

பிள்ளைகள், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்குதோ என்று வாடிக்கையாளரைக் கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார்கள். என்ன கேட்குது, யாருடைய குரல், எந்த நேரம் என்று கேட்டால்தான் ஓட்டை இருக்கிற இடம் தெரியும். பவளம் அக்கா குசினியில் கதைப்பது கேட்கவில்லை. கூடத்தில் கதைப்பது கேட்கவில்லை. முருகனோடு கதைப்பது மட்டும் கேட்கிறது. முருகனோடு அவர் எங்கே நின்று கதைப்பார்?

சாம்பிராணிப் புகை என் கண்ணுக்கு முன்னால் வளைந்து போனது. எழும்பினேன். காரின் கூரையில் தலை இடித்தது.

அந்தக் காலத்து வீடுகளில் பேஸ்மென்டிலும் ஒரு நெருப்படுப்பு இருக்கும். அதன் புகைக்கூண்டு மேல் வீட்டு அடுப்புக்குப் பின்னால்தான் ஏறிப் போகும். கீழே கட்டில் தலைமாட்டில் அந்த அடுப்பை அடைத்து, காற்றுப்போக ஒரு சின்னக் கம்பி மூடி வைத்திருந்தார்கள். மேல் அடுப்புக்கும் அந்தக் கூண்டுக்கும் இடையில் இருந்த பழைய செங்கல் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். நான் கட்டின சீலிங்குக்குப் பக்கத்தில், ஒரு டெலிபோன் லைன் போல அந்தக் குழாய் நிமிர்ந்து நின்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் முழுகி, முட்டைகூடச் சாப்பிடாமல், இரண்டு மணிக்குப் போய் நின்றேன். ஐந்து மணிக்கு இன்னும் மூன்று மணித்தியாலம்.

"அக்கா, சாமிப் படங்களை ஒருக்கா எடுக்கவேணும். பின்னால கொஞ்ச வேலை இருக்கு."

"வெள்ளிக்கிழமை சாமியை அசைக்கிறதோ?" பவளம் அக்காவுக்குக் கண் வெளியே வந்தது. "தம்பி, நீங்களும் ஒரு சைவப் பிள்ளைதானே? திங்கட்கிழமை வாங்கோ."

"இண்டைக்கே செய்யவேணும் அக்கா."

அவர் என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். பைப்பைத் திறந்து தண்ணீர் சத்தம் போட விட்டார். அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு கார் தேவையாக இருந்தது.

"தம்பி, அந்த ஓட்டை எனக்குத் தெரியும்."

"தெரியுமோ!"

"முருகன் தும்முவாரோ தம்பி? ஒரு நாள் நான் கும்பிட்டுக்கொண்டிருக்கேக்க முருகனுக்குப் பின்னால இருந்து தும்மல் கேட்டது. மருமகன்ர தும்மல். அண்டைக்கே விளங்கியிட்டுது." குரலைத் தாழ்த்தினார். "சீலிங்கை அடைச்சீங்கள், நான் ஒண்டும் சொல்லேல்லை. அதை மட்டும் விடுங்கோ. அவையள் போகப் போயினம். மருமகன் கீழ நிண்டு ஏஜென்டோட போனில கதைச்சதைக் கேட்டனான். இதுவும் இல்லையெண்டா அவையள் பெட்டி கட்டுற சத்தம்கூட எனக்குக் கேக்காது."

அவர் அழவில்லை. பைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சீமெந்து வாளியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

ஓட்டையை விட்டால் பிள்ளைகள் ஐந்து மணிக்குப் போய்விடுவார்கள். அக்கா தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தார் என்று சபையில் சொன்னால், அவர் மருமகன் முகத்தில் முழிக்கமாட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருந்தும் ஒன்றுதான், போயும் ஒன்றுதான். செய்ய ஏலாத வேலை என்று பொய் சொல்லலாம். எனக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இன்றைக்கு நான்தான் மத்தளம் என்று நினைத்தேன். நினைத்த உடனே இன்னொன்றும் விளங்கியது. அந்த ஓட்டையும் மத்தளம்தான். கீழே இருந்து மேலே வருவது அக்காவுக்குத் தெரியும். மேலே இருந்து கீழே போவது?

"சரி அக்கா, நான் ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் கீழ போய்ப் பிள்ளையளோட ரெண்டு நிமிசம் இருந்து, சீலிங் எப்பிடி எண்டு மட்டும் சொல்லுங்கோ. கட்டில் தலைமாட்டில இருக்கிற கதிரையில இருங்கோ."

அவர் போனதும் தங்கராசா அண்ணையைச் சாமி மாடத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"அண்ணை, நீங்கள் கும்பிடுற மாதிரிக் கும்பிடுங்கோ. வாய்விட்டுக் கும்பிடுங்கோ."

"ஏன் தம்பி?"

"ஒரு சோதனை."

அண்ணை திருநீறு பூசினார். கண்ணை மூடினார். அந்தக் குறைவாகப் பேசுகிற மனிதருக்கு முருகனிடம் சொல்ல இவ்வளவு இருந்ததென்று எனக்குத் தெரியாது.

"முருகா, எல்லாரையும் காப்பாத்து. பிள்ளையளைச் சந்தோசமா வைச்சிரு. பவளம் திருவிழாவுக்கு எடுத்த அந்த மஞ்சள் சீலையை மட்டும் இனிக் கட்டாமல் பாத்துக்கொள். நல்லா இருக்கு எண்டு நான் சொல்லிப்போட்டன். இனி மாத்திச் சொல்ல ஏலாது."

முருகனுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"என்னப்பா?"

அண்ணை கண்ணைத் திறந்தார். முருகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"தம்பி… முருகன் என்னை 'என்னப்பா' எண்டு கேட்டவர்."

"ஓம் அண்ணை. கேட்டது."

"பொம்பிளைக் குரலில தம்பி!"

அதற்குள் படியில் தடதட என்று சத்தம். பவளம் அக்கா மூச்சு வாங்க வந்து நின்றார். மஞ்சள் சீலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அண்ணையை அவர் பார்க்கவே இல்லை.

"தம்பி, இஞ்ச கதைக்கிறது அங்க இவ்வளவு தெளிவாவோ கேக்கும்?"

"ஓம் அக்கா."

"எப்ப தொடக்கம்?"

"உங்களுக்கு அங்க இருந்து கேட்ட நாள் தொடக்கம்."

ஆறு மாதம். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. அவர் முகத்தில் அந்தக் கும்பிடுகள் எல்லாம் வரிசையாக ஓடுவதை நான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் நிரஞ்சன் படியேறி வந்து நின்றான். பாவம் பிள்ளை, அவன் கை தானாகவே தலைக்குப் போய் மயிரைத் தடவியது. அக்கா அதைக் கண்டார்.

"வெள்ளியாவது சனியாவது!" என்றார். "அடையுங்கோ தம்பி!"

நிரஞ்சன் திரும்பி மதுராவிடம் கீழே இறங்கிப் போனான். அக்கா கை கால் கழுவி வந்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, படங்களை ஒவ்வொன்றாகத் தானே எடுத்து வைத்தார். முருகனை வைக்கும்போது, "குறை நினைக்காதே முருகா. நீயும் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு பேசாமல்தானே இருந்தனீ," என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

பலகையைக் கழற்றினேன். உள்ளே கரி. நான் நினைத்த இடத்தில் நினைத்த மாதிரியே ஒரு செங்கல் விழுந்து, தேங்காய் அளவு ஓட்டை. சீமெந்தைக் குழைத்துக் கரண்டியில் எடுத்தேன். சுவரில் மணி நாலரை.

"ஒரு நிமிசம் தம்பி."

அக்கா முழங்காலில் நின்று அந்தக் குழிக்குள் தலையை விட்டார்.

"மருமகன்!"

கீழே ஏதோ விழுந்து உருண்டது. "ஓ… ஓம் மாமி?"

"நீங்கள் மில்டன் கீன்ஸுக்குப் போறீங்களோ?"

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அண்ணை கரி துடைக்கிற துணியைப் பிடித்தபடி நின்றார். ஆறு மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். ஆனால் இந்த ஒன்றை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கீழே குசுகுசு என்று மதுராவின் குரல். "சொல்லுங்கோவன்." அந்தக் குசுகுசுவும் தெளிவாகக் கேட்டது.

"இல்லை மாமி," என்றான் நிரஞ்சன். "வேண்டாம் எண்டு இப்பத்தான் மெசேஜ் போட்டனாங்கள்."

அக்காவின் முதுகு மெல்லத் தளர்ந்தது.

"ஆனா மாமி…"

"சொல்லுங்கோ மருமகன்."

"அந்தப் புட்டு…"

"ஓம்?"

"கிழமைக்கு நாலு தரம் வேண்டாமே மாமி. ஒரு தரம் காணும்."

அக்கா தலையை வெளியே எடுத்தார். நெற்றியில் திருநீற்றுக்கு மேல் கரி. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடையுங்கோ தம்பி," என்றார். "நல்ல இறுக்கமா."

அடைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து அக்கா எனக்குப் போன் எடுத்தார். கீழே ஒன்றும் கேட்பதில்லையாம், மேலேயும் ஒன்றும் வருவதில்லையாம். இப்போது மருமகன் தானாகவே படியேறி வந்து கதைக்கிறாராம். ஆனால் ஒரு குறை. முருகன் சாம்பிராணியை உள்ளுக்கு எடுப்பதில்லையாம், புகை நேரே மேலே போகிறதாம், அதற்கு ஏதும் செய்ய ஏலுமோ என்று கேட்டார். ஏலாது அக்கா என்றேன்.

ஆகவே நாளைக்கு அந்த ஃபாரஸ்ட் கேட் மனுசியிடம் திரும்பப் போங்கள். அவவின் காதைக் குறை சொல்லாமல், என்ன கேட்குது என்று கேளுங்கள். சொல்ல வெட்கப்பட்டால் வானுக்குள் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு பிஸ்கட் கொடுத்துக் கேளுங்கள். பிறகு கீழே அவவை வைத்துக்கொண்டு மேலே நீங்கள் கதையுங்கள், மேலே வைத்துக்கொண்டு கீழே கதையுங்கள்.

மத்தியானம் மட்டன் ரோல் மட்டும் வேண்டாம். எந்தப் படத்தை அசைக்க வேண்டி வருமோ, யாருக்குத் தெரியும்.

அப்பா